அண்ணாச்சி உட்கார்ந்த பெட்டி

மாதா கோயில் திருவிழாக் கச்சேரிக்கு மண்டபத்தில் ஒத்திகை நடந்தது. மெல்லிசைக் குழுவின் தலைவர் தனராஜ், புதிதாகச் சேர்ந்த கிட்டார்க்காரி பெனிட்டாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

“என் வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயரை நீ தொடக்கூடாது. ஆனா அதே சத்தம் வரணும். வரலேன்னா மேடை ஏறாதே!”

தலைகுனிந்தவளின் பார்வை அவர் உட்கார்ந்திருந்த பெட்டியின் பின்பக்கம் விழுந்தது. பெனிட்டா குனிந்து உற்றுப் பார்த்தாள். உள்ளே, பழைய வால்வு ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வுகள்! வருஷக்கணக்காக ஊர் ஊராய் வந்து அவருக்கு இருக்கையாக உழைத்தது, அந்தக் காலத்து கிட்டார் ஆம்ப்ளிஃபயர்.

“இந்தப் பெட்டியை நான் எடுத்துக்கட்டுமா அண்ணாச்சி?”

“இந்த ஓட்டைப் பெட்டியா? தாராளமா எடுத்துக்கோ” என்று எழுந்தார். குழுவே சிரித்தது.

மேடைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தூசு தட்டினாள், நைந்த ஒயரை மாற்றினாள், கிட்டாரை அதில் இணைத்துச் சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன. தந்தியை மீட்டினாள்.

கனத்த நாதம் ஒன்று மண்டபத்தையே நிறைத்தது. சிரித்தவர்கள் வாய் பிளந்தார்கள். வேறு நாற்காலிக்கு மாறியிருந்த தனராஜ் துள்ளி எழுந்தார்.

“திருடி! என் ஆம்ப்ளிஃபயர்லதானே வாசிக்கிறே? இந்தச் சத்தம் வேற எதுலயும் வராது!”

ஆவேசமாகத் திரையை விலக்கினார். அவருடைய ஆம்ப்ளிஃபயர் உறை கழற்றாமல் மூலையில் கிடந்தது.

“திருடல அண்ணாச்சி, நீங்கதான் எழுந்து கொடுத்தீங்க” என்றாள் பெனிட்டா.

தனராஜ் திரையைப் பிடித்தபடியே, தான் உட்கார்ந்திருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார். டிரம்ஸ்காரர் தொண்டையைச் செருமினார்.

“அப்ப, பாட்டை ஆரம்பிப்போமா?”