மூன்று படி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஆறுகளெல்லாம் கரை தொட்டு ஓடிய காலத்தில் ஒரு ராஜா இருந்தான். தங்கமான மனசு, ஆனால் நடந்தே பழகாத கால்.

அவன் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. சிலம்பாயி என்ற ஏழையின் ஒற்றை எருமையைத் தன்னுடையது என்று சொல்லிப் பிடித்துக் கட்டிக்கொண்டார் செல்வர் மாசிலாமணி. அது போனால் அவள் பிழைப்பே போச்சு. அவள் கொட்டிலில் அது கன்றாகப் பிறந்ததைப் பார்த்தவள் ஒரே ஒருத்திதான், அன்றைக்கு அந்தப் பக்கம் உப்பு விற்க வந்திருந்த பேச்சி. அவள் ஊரோ கடற்கரையில், மூன்று நாள் நடை.

ராஜா ஆள் அனுப்பினான். அவள் வரவில்லை. மறுபடியும் அனுப்பினான். வரவில்லை. பயப்படுகிறாள் போலும் என்று நினைத்தான் ராஜா. பேச்சிக்காவது பயமாவது! ஒரு நாள் உப்பு விற்காவிட்டால் அவள் பிள்ளைகளுக்கு அன்றைக்கு உலை இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் முறை, "என் சபைக்கு மூன்றே படி. பயப்படாமல் ஏறி வரச் சொல்" என்றான் ராஜா. ஓடிக் களைத்த சேவகன் அதைச் சுருக்கி, "மூணு படிதான், பயப்படாம வா" என்று சொல்லிவிட்டான்.

"மூணு படி அரிசியா! மகராசன் நல்லா இருக்கணும்" என்றாள் பேச்சி. பக்கத்து வீட்டில் மூன்று படி கடன் வாங்கினாள். இரண்டு படியைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, ஒரு படியை முடிந்துகொண்டு நடந்தாள்.

சபையில் கண்டதைக் கண்டபடி சொன்னாள். பிறகு முந்தானையை விரித்து நின்றாள். "சாமி, என் மூணு படி?"

சபை சிரித்தது. மாசிலாமணி துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா ராஜா! அரிசிக்கு வந்த சாட்சி. செல்லாது!" சிலம்பாயிக்கு உயிரே போய்விட்டது.

பேச்சி அவர் பக்கம் திரும்பினாள். "சொல்றதுக்கு ஒரு குருணையும் வேண்டாம் சாமி, வர்றதுக்குத்தான் வேணும். வாயை விக்கிறவளா இருந்தா, நீங்க அனுப்பின மூணு மூட்டை அரிசியை வாங்கிட்டு வீட்டுலயே இருந்திருப்பேனே!"

மாசிலாமணியின் வண்டிக்காரன் மெல்ல முன்னே வந்தான். "கொண்டுபோனது நான்தான் மகராசா. திருப்பி அனுப்பிடுச்சு இந்தம்மா."

எருமை சிலம்பாயியிடம் போனது. ராஜா வெட்கப்பட்டு இறங்கி வந்தான். "தாயே, நான் சொன்னது கல்லுப் படி. நீ கேட்ட படிதான் நியாயம்" என்று தன் கையாலேயே அரிசி அளந்தான். மாசிலாமணியின் வண்டியிலேயே அவளை ஊருக்கு அனுப்பினான். அன்றிலிருந்து எந்தப் பக்கத்துச் சாட்சி வந்தாலும், வழக்கு வென்றாலும் தோற்றாலும், சபையில் மூன்று படி அரிசி காத்திருந்தது.

உண்மை சொல்ல ஒருவரை அழைத்தால், அவர் வரும் வழிக்கும் விட்டு வந்த வீட்டுக்கும் சோறு கொடுப்பது அழைத்தவரின் கடமை, கண்ணுகளா.