எழுபதில் நின்ற கறி

"மாஸ்டர், மீட்டர் செத்துப்போச்சு," என்றார் அருளப்பன்.

மாஸ்டர் என்று அவர் கூப்பிட்டது ஜெசிந்தாவை. புகையில் கறி வேகவைப்பதில் ஏற்காட்டில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவரைவிட இருபது வயது சின்னவள். அருளப்பன் மின்வாரியத்தில் மீட்டர் பார்த்தே ஓய்வு பெற்றவர். மழைக்காலம் முழுக்க அவளிடம் போய் அடுப்பு பழகினார்.

இன்று அவர் வீட்டில் விருந்து. மகள் பிரிசில்லா நீதிபதி தேர்வில் ஜெயித்துவிட்டாள். சொந்தபந்தம் அத்தனையும் மலையேறி வந்தாயிற்று. சமையலுக்கு ஆள் வேண்டாம், முழுப் பன்றித் தோளை நானே புகை போடுகிறேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

குருவான ஜெசிந்தா இன்று வெறும் விருந்தாளி.

கொல்லையில் டிரம் அடுப்பு மூடியிருந்தது. உள்ளே, கறிக்குள் ஓர் எஃகு ஊசி. அது உணரும் சூடு, ஒயர் எதுவும் இல்லாமல், அவர் போனில் எண்ணாக வந்து விழும். அந்தக் கருவியை வாங்கிய நாளிலிருந்து பால்காரர் வரைக்கும் காட்டிப் பீற்றிக்கொண்டிருக்கிறார்.

போனை நீட்டினார்.

எழுபது.

"காலையிலேர்ந்து விறுவிறுன்னு ஏறுச்சு மாஸ்டர். இப்ப எவ்வளவு நேரமா எழுபதுலயே நிக்குது. தொண்ணூத்தஞ்சு டிகிரி வரணும்."

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு சார். கறி நிக்குது. நிக்குதுன்னு அது சொல்லுது."

"கறி ஏன் நிக்கணும்?"

"வேர்க்குது."

"கறிக்கா?"

"உள்ள இருக்கிற ஈரமெல்லாம் மேல வருது. அது காயுற வரைக்கும் சூடு ஏறாது."

"எப்பக் காயும்?"

ஜெசிந்தா தோளைக் குலுக்கினாள்.

"எழுபதுலயே எடுத்துட்டா?"

"வெந்திருக்கும். தாராளமாத் திங்கலாம். பல்லு நல்லா இருக்கணும்."

முன்வாசல் பந்தலிலிருந்து ஒரு குரல் வந்தது. அருளப்பனின் மனைவிக்கு அண்ணன், சவரிமுத்து.

"என்ன மாப்ள, இன்னுமா? கீழ ஆள் அனுப்பி பிரியாணி வாங்கிட்டு வரச் சொல்லவா?"

பந்தல் முழுக்கச் சிரித்தது.

அருளப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. ஓரமாகக் கிடந்த காப்பி மரக்கட்டைகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு அடுப்பை நோக்கி நடந்தார்.

ஜெசிந்தா அவற்றை அவர் கையிலிருந்து வாங்கினாள். தரையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள். அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிங்க மாஸ்டர்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"நெருப்பை ஏத்துனா நம்பர் ஏறுமா, ஏறாதா?"

"ஏறும். மேல கருகும், உள்ள வறண்டு போகும், நம்பர் ஜம்முனு ஏறும்."

"அங்க என் மானம் போகுது."

"இந்தக் குரலை இதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்களா சார்?"

"எந்தக் குரல்?"

"இன்னுமாங்குற குரல்."

அருளப்பன் யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது? பிரிசில்லாவின் தேர்வு முடிவு வந்த ஒவ்வொரு வருஷமும் கேட்டதுதான். இதே மனிதர், இதே வார்த்தை. இன்னுமா படிக்கிறாள்? இன்னுமா பாஸாகவில்லை? போதும் மாப்ள, ஏதாவது ஒரு வேலையில் சேர்த்துவிட்டு கல்யாணத்தைப் பண்ணு. அப்போதும் சிரிக்க நாலு பேர் இருந்தார்கள்.

"கேட்டிருக்கேன்," என்றார்.

"அப்ப என்ன பண்ணுனீங்க?"

"அவ ரூம் கதவைச் சாத்திடுவேன். வெளிய வந்து, 'வரும்போது வருவா, நீங்க காப்பியைக் குடிங்க'ன்னு சொல்லுவேன்."

"அப்புறம் கதவைத் திறந்து பாப்பீங்களா?"

"எதுக்கு? படிச்சுக்கிட்டுத்தான் இருப்பா."

"சத்தம் போட்டதில்ல?"

"அவளையா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அவ மேல எனக்கு என்ன சந்தேகம்?"

மூடியின் ஓரத்திலிருந்து மெல்லிய நீலப்புகை போய்க்கொண்டிருந்தது.

அருளப்பன் அடுப்பைப் பார்த்தார். போனைப் பார்த்தார். எழுபது.

போனை ஜெசிந்தாவின் மடியில் போட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பந்தலுக்கு நடந்தார்.

எல்லாரும் திரும்பினார்கள். சவரிமுத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"வாங்க மாப்ள. இன்னுமா?"

அருளப்பன் வாயைத் திறந்தார்.

அதற்குள் பந்தலின் நடுவிலிருந்து, கையில் தம்ளர் தட்டோடு நின்ற பிரிசில்லா சொன்னாள்:

"வரும்போது வரும் மாமா. நீங்க காப்பியைக் குடிங்க."

அருளப்பன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். இத்தனை வருஷமும் அவர் இழுத்து இழுத்துச் சாத்திய அந்தக் கதவு, அப்படியொன்றும் சத்தம் புகாத கதவு இல்லை போலிருக்கிறது.

அவருக்குக் கண் கலங்கியது. பெருமையாகவும் இருந்தது, எல்லார் முன்னாலும்.

கொல்லையிலிருந்து ஜெசிந்தா கத்தினாள்.

"சார்! எழுபத்தொண்ணு!"

"இருக்கட்டும்," என்றார் அருளப்பன், மகளையே பார்த்துக்கொண்டு.