வலது கால் செருப்பு

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன், அம்மா. இது ஒண்ணுதான் விட மாட்டேங்குது" என்றாள் செண்பகம்.

வடிவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எது?"

செண்பகம் வாசற்படியைக் காட்டினாள்.

அங்கே ஒரு ஜோடி தக்கைச் செருப்பு கிடந்தது. தோல்வார் கறுத்து, தக்கையின் ஓரம் பிஸ்கட் போல உதிர்ந்துகொண்டிருந்தது. வலது கால் செருப்பின் அடி, குதிகால் பக்கம் வாய் பிளந்து தொங்கியது.

"கண்ணை மூடி உட்கார்ந்தா மனசு வாசலுக்குப் போயிருது. மழையில நனையுதோ, நாய் கவ்விட்டுப் போயிருச்சோன்னு இருக்கு. வெட்கமா இருக்கும்மா."

செண்பகம் மஸ்கட்டில் நர்ஸாக இருந்து, வேலை முடிந்து தென்காசிக்குத் திரும்பியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டைத் தம்பி மகள் பேருக்கு எழுதி வைத்துவிட்டு, இரண்டு புடவையோடு இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தாள். ஆசிரமம் என்று இங்கே பலகை எதுவும் கிடையாது. ஓடைக்கரையில் ஒரு கல்வீடு. அதில் வடிவம்மா. அவ்வளவுதான்.

வடிவம்மா வயதில் இளையவள். அதனால் சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை அம்மா என்பாள். வருகிறவர்களுக்குத்தான் குழப்பம்.

"தூக்கிப் போட்டிருங்க அக்கா" என்றாள் வடிவம்மா.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா இப்பவே போட்டிருதேன்."

வடிவம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், அந்த வலது கால் செருப்பைக் கையில் எடுத்தாள். பிளந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதையா?"

"ஆமாம்மா."

"பிஞ்ச செருப்பை ஊருல எல்லாருந்தான் தூக்கிப் போடுதாங்க. அதுக்குப் பேரு துறவா?"

செருப்பைச் செண்பகத்தின் கையில் கொடுத்தாள்.

"முதல்ல சரி பண்ணுங்க. நல்ல செருப்பா ஆக்கிக் கொண்டு வாங்க. பிறகு போடலாம்."

கீரை ஆயும் வேலை மறுபடி தொடங்கிவிட்டது. அதற்கு மேல் நின்று பயனில்லை என்று செண்பகத்துக்குத் தெரியும்.

*

மறுநாள் ஓடைத் தண்ணீரில் செருப்பைக் கழுவினாள். கழுவி, பாறை மேல் நல்ல வெயிலில் வைத்தாள்.

சற்று நேரம் கழித்து வந்து பார்த்தால் பாறை மேல் செருப்பு இல்லை. பதறிப்போய்த் தேடினாள். நாவல் மரத்து நிழலில், காற்று வரும் பக்கமாக இரண்டும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

வடிவம்மா அந்தப் பக்கமாகக் குடத்தோடு போனாள்.

"நீங்களா மாத்தி வெச்சீங்க?"

"வெயில் பட்டா சுருங்கிப் பிளந்திரும். மெதுவாத்தான் காயணும்."

எதைச் சொன்னாள் என்று செண்பகம் ஒரு கணம் யோசித்தாள். செருப்பைத்தான் சொல்லியிருப்பாள்.

பஸ் பிடித்து டவுனுக்குப் போய் உப்புத்தாளும் செருப்புப் பசையும் வாங்கி வந்தாள். கடைக்காரர், "புதுசே வாங்கிரலாமே, ஆச்சி" என்றார். செண்பகம் சிரித்துக்கொண்டாள்.

பிளந்த இடத்தில் பழைய பசை கட்டிகட்டியாக இருந்தது. அதைச் சுரண்டினாள். பழைய தைல பாட்டிலின் தக்கை மூடியைத் தேய்த்துத் தூளாக்கி, பசையில் குழைத்து, உதிர்ந்த ஓரங்களில் அப்பினாள். உப்புத்தாளால் இழைத்தாள். வாருக்கு ஒரு துளி விளக்கெண்ணெய்.

கை ஓயவில்லை. மனம் மஸ்கட்டுக்குப் போய்விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை. அவளும் ஜெசிந்தாவும் சேர்ந்துதான் இந்தச் செருப்பை வாங்கினார்கள். ஒரே அறை, ஒரே வார்டு, ஒரே கால் அளவு. வாங்கியதும் ஒரே நிறம்.

"முதல்ல கடிக்கும். விட்டுராதீங்க. மிதிக்க மிதிக்கத் தக்கை உங்க கால் மாதிரியே பள்ளம் விழுந்திரும். பிறகு வேற யாரு காலுக்கும் சேராது" என்று கடைக்காரன் சொன்னான்.

"கேட்டியா மக்ளே? புருஷன் மாதிரி" என்றாள் ஜெசிந்தா.

கடைக்காரனும் தமிழன் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இருவரும் கடையை விட்டு ஓடி வந்து, தெருமுனையில் நின்று, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஜெசிந்தா நாகர்கோவில் பக்கம் முட்டத்துக்காரி. கடற்கரையில் பிறந்தவள். மஸ்கட்டின் மத்ரா மீன் சந்தைக்குப் போனால், செவுளைத் திருப்பிப் பார்த்து அரபிக்காரனையே திட்டுவாள். மீன் வாசம் அறியாத வீட்டில் பிறந்த செண்பகம், மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே நடப்பாள். பிறகு அதே கையால், தேங்காய் அரைத்து வைத்த குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள்.

சாயங்காலம் கடலோரம் நடை. இரண்டு ஜோடித் தக்கைச் செருப்பு. சத்தமே வராது. பேச்சுச் சத்தம்தான்.

செண்பகம் இழைப்பதை நிறுத்திவிட்டு ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழம்பின் புளிப்பு நாக்கில் இருந்தது.

பிறகு பசை தடவி, அடியை ஒட்டி, அழுத்திப் பிடித்து, மேலே பேண்டேஜ் துணியைச் சுற்றினாள். முப்பது வருஷம் கட்டுப் போட்ட கை. சுருக்கம் இல்லாமல், இறுக்கம் தப்பாமல், முடிச்சு ஓரமாக விழுந்தது. அதன்மேல் அம்மிக்குழவியை வைத்தாள்.

வடிவம்மா வந்து பார்த்தாள். காலில் கட்டுப் போட்ட நோயாளி மாதிரி செருப்பு படுத்திருந்தது.

"வலிக்குதான்னு கேட்டீங்களா?" என்றாள்.

*

கட்டைப் பிரித்த அன்று ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தது.

கடைசி வேலை, உள்பக்கம் துடைப்பது. கால் வைக்கும் இடத்தில் வருஷக்கணக்கான அழுக்கு தார் போலப் படிந்திருந்தது. ஈரத்துணியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள்.

இடது கால் செருப்பில் அவள் பாதம் அச்சு எடுத்தது போல வந்தது. குதிகால், பக்கவாட்டு எலும்பு, ஐந்து விரல். கட்டைவிரல் பள்ளம்தான் எல்லாவற்றுக்கும் முன்னால்.

வலது கால் செருப்பைத் துடைத்தாள்.

கட்டைவிரல் பள்ளம் வந்தது. அதற்கும் முன்னால், இரண்டாம் விரலுக்கு நேரே, இன்னொரு பள்ளம் வந்தது.

தன் காலை உள்ளே வைத்துப் பார்த்தாள். இரண்டாம் விரல் அந்தப் பள்ளத்தை எட்டவில்லை.

மறுபடி பார்த்தாள். எட்டவில்லை.

அவள் மிதித்து மிதித்து மற்ற இடமெல்லாம் மாறியிருந்தது. அவள் விரல் போய்ச் சேராத அந்த ஒரு குழி மட்டும் அப்படியே இருந்தது.

ஜெசிந்தாவுக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். வார்டில் எல்லாரும் கேலி செய்வார்கள். "இரண்டாம் விரல் நீண்டவ புருஷனை ஆட்டி வெப்பா" என்பார்கள். "முதல்ல ஒருத்தன் கிட்டட்டும், பிறகு ஆட்டுதேன்" என்பாள் அவள்.

செண்பகம் செருப்பைக் கையில் பிடித்தபடி குருவைத் தேடிப் போனாள்.

"அம்மா, இது என்னுது இல்ல."

வடிவம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "உட்காருங்க" என்றாள். தானும் உட்கார்ந்தாள்.

செண்பகம் சொன்னாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

அன்று மதிய ட்யூட்டி. மூச்சுத் திணறலோடு ஒரு கைக்குழந்தையைக் கொண்டு வந்தார்கள். டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். குழந்தைக்கு ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. செண்பகம் குனிந்தவள் நிமிரவில்லை. அந்த நேரத்தில் வார்டு போன் அடித்தது. எடுத்தது ஜெசிந்தா. ஊரிலிருந்து செண்பகத்தின் தம்பி. அம்மா தவறிவிட்டாள். விடிந்ததும் எடுத்துவிடுவோம், அக்காவை உடனே வரச் சொல்லுங்கள் என்றான்.

ஜெசிந்தா போனை வைத்தாள். வந்து பக்கத்தில் நின்று ஊசியை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தையைப் பெரிய வார்டுக்கு மாற்றிய பிறகுதான் சொன்னாள். அதற்குள் சாயங்கால விமானம் போய்விட்டது.

"நான் ஊருக்கு வந்து சேர்ந்தப்போ எல்லாரும் தலை முழுகிட்டு ஈரத்தோட வாசல்ல நின்னாங்கம்மா. அம்மா முகத்தை நான் பாக்கல."

ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவகிட்ட பேச்சை அறுத்துட்டேன். அறைக்குப் போயி, கண்ணு தெரியாம அழுதுக்கிட்டே கையில கிடைச்சதை அள்ளிப் போட்டுக்கிட்டு, காலுல கிடைச்சதை மாட்டிக்கிட்டு ஏர்போர்ட் போனேன். திரும்பி வந்ததும் வேற குவார்ட்டர்ஸ் கேட்டு வாங்கிட்டேன். எதிர்ல வந்தாக்கூட முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவ பேச வந்தா. ரெண்டு மூணு தடவை வந்தா. பிறகு வேலையை விட்டுட்டு ஊருக்கே போயிட்டா."

செருப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலது கால் மட்டும் ரொம்ப நாள் கடிச்சுது. புதுசா என்ன வந்துச்சுன்னு நினைச்சேன். பிறகு பழகிட்டுது."

வடிவம்மா கேட்டாள்: "அவங்க மதியமே சொல்லியிருந்தா?"

"எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியிருப்பேன்."

"ஓடியிருந்தா?"

"சாயங்கால விமானம் கிடைச்சிருக்கும். அம்மா முகத்தைப் பாத்திருப்பேன்."

வடிவம்மா தலையாட்டினாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"குழந்தை?"

செண்பகம் செருப்பின் வாரைத் தடவினாள்.

இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை அந்த மதியத்துக்குத் திரும்பிப் போயிருப்பாள்! போன், ஜெசிந்தாவின் முகம், கடிகாரம் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். கட்டிலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தாள். நீலம் பாரித்த உதடு. அது மெல்ல மெல்லச் சிவந்தது. ஒரு சின்ன விரல் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

"இப்போ அதுக்குக் கல்யாண வயசு இருக்கும்" என்றாள்.

சொன்னதும் அழுதாள். அம்மாவுக்காக அழுதாளோ, வேறு எதற்காக அழுதாளோ, வடிவம்மா கேட்கவில்லை. கொடியில் மிச்சத் துணிகளைப் போட்டு முடித்தாள்.

அழுகை அடங்கியதும் திரும்பி வந்தாள்.

"செருப்பு சரியாயிட்டுதா அக்கா?"

"ஆயிட்டுதும்மா."

"நல்லாப் பிடிச்சிருக்கா?"

"இன்னும் ரொம்ப நாள் உழைக்கும்."

"அப்போ தூக்கிப் போட்டிரலாமே."

செண்பகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாகக் குருவின் மேல் கோபம் வந்தது.

"அது எப்படிம்மா? அடுத்தவங்க பொருளைத் தூக்கிப் போட நான் யாரு?"

வடிவம்மா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு குடை இருந்தது.

"நாகர்கோவில் பக்கம் மழையாம்" என்றாள்.

*

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கும்போது செண்பகம் தயங்கி நின்றாள்.

"நான் அவகிட்ட என்னம்மா சொல்லட்டும்?"

"செருப்பைக் கொடுக்கப் போறவங்களுக்குப் பேச்சு எதுக்கு?"

*

முட்டத்தில் கோயிலுக்குப் பின்னால் ஜெசிந்தா வீடு என்று கேட்டதும் வழி சொன்னார்கள். "நர்ஸ் அக்கா வீடா? நேரா போங்க."

ஓட்டு வீடு. முற்றத்தில் ஒரு கிழவி குனிந்து, மழையில் சாய்ந்த முருங்கைக் கன்றுக்குக் கம்பு நட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. ஆனால் கயிற்றை முடியும் விதம் அதேதான். பேண்டேஜ் முடிச்சு.

செண்பகம் குடையைப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

ஜெசிந்தா யாரோ நிற்பது தெரிந்து திரும்பினாள். குனிந்திருந்ததால் முதலில் கண்ணில் பட்டது கால்தான்.

அப்படியே இருந்தாள். நிமிரவில்லை.

"அந்த வலது கால் செருப்பு எனக்கது" என்றாள்.

செண்பகம் குடையை மடக்கினாள்.

"உனக்குத் தெரியுமா, ஜெசி?"

"தெரியாம என்ன? நீ போன மறுநாளே காலை விட்டேன். உனக்க செருப்பு என்னக் கடிச்சு எடுத்திட்டு."

"அப்பவே தெரியுமா? பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லல? யாருகிட்டயாவது சொல்லிவிட்டிருந்தாக்கூட அன்னைக்கே கொடுத்து அனுப்பியிருப்பேனே!"

ஜெசிந்தா முட்டியில் கையூன்றி மெல்ல எழுந்தாள். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்தாள். இப்போதுதான் முகத்தைப் பார்த்தாள்.

"அனுப்பியிருப்ப, மக்ளே. நீ வந்திருக்க மாட்ட. அதான் சொல்லல."