கறுத்துப்போன அருவி

மலையடிவாரத்தில் அங்கயற்கண்ணியின் சித்திர அச்சுக்கூடம் இருந்தது. அங்கே காட்டையும் மலையையும் செம்புத் தகட்டில் வெட்டி, கறுப்பு மையில் தாளில் எடுப்பார்கள். உளி விழுந்த இடம் மையைப் பிடிக்கும். வழவழப்பான இடம் வெள்ளையாக நிற்கும். வேறு நிறம் கிடையாது.

குருவான அங்கயற்கண்ணி சரி என்று சொன்ன தகட்டில்தான் சீடர் தன் பெயரை வெட்டலாம். அது அங்கே வழக்கம். சீடர் சடையாண்டி குருவைவிட வயதில் மூத்தவர். அவர் பெயர் இதுவரை எந்தத் தகட்டிலும் ஏறவில்லை.

இம்முறை அவர் மழைக்காலத்து அருவியை எடுத்துக்கொண்டார். இடிமேகம், வேரோடு சாய்ந்த மரம், பாறைகள், நடுவில் அருவி. நீருக்கு வேகம் போதவில்லை என்று தோன்றும்போதெல்லாம் இன்னும் சில இழைக் கோடுகளை வெட்டிச் சேர்த்தார்.

முதல் தாளை எடுத்தபோது மேகமும் பாறையும் மிரட்டின. அருவி இருந்த இடம் கரிபிடித்த அடுப்பு மாதிரி இருந்தது.

கூட வேலை செய்யும் குழந்தைவேலு எட்டிப் பார்த்து, அமாவாசை இருட்டில் குளிக்கப் போனீர்களா என்று கேட்டார்.

தகட்டை உருக்கிவிடலாம் என்றார் சடையாண்டி. கண் மங்கிக்கொண்டு வருகிறது, இன்னொரு தகடு தன்னால் ஆகாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"அம்மா, அருவியோட வேகத்தை எப்படித்தான் வெட்டுறது?"

குரு தாளைப் பார்த்தார். அருவிக்கு நேர் கீழே போய் நின்று, நீரில் எத்தனை இழை இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

சடையாண்டி சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்.

"கண்ணையே திறக்க முடியலை அம்மா. ஒரே வெளிச்சம். இழையெல்லாம் ஒண்ணும் தெரியலை."

"அப்ப இங்கே எதைப் பார்த்து வெட்டினீங்க, அண்ணே?"

சடையாண்டி தகட்டுக்குத் திரும்பினார். ஈரத்தைத் துடைத்துக்கொண்டு சுரண்டியைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு இழையாகச் சுரண்டினார். பாறை விளிம்புக்கு வந்தார். அங்கே கொஞ்சம் வழுக்கினாலும் பாறையும் போய்விடும். மூச்சை அடக்கிக்கொண்டார். பிறகு முகம் தெரியும்வரை செம்பைத் தேய்த்தார்.

மை பூசி, துடைத்து, அச்சை உருட்டித் தாளை உரித்தார்கள்.

இடிமேகத்தைக் கிழித்துக்கொண்டு, வெறும் தாள் வெள்ளையாகப் பாய்ந்தது. குழந்தைவேலு ஓரடி பின்வாங்கி, தன்னையறியாமல் வேட்டியை உயர்த்திப் பிடித்தார்.

குரு உளியை எடுத்துச் சடையாண்டியிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"அருவியில என் கோடு ஒண்ணுகூட இல்லையே அம்மா. நான் பேர் போடலாமா?"

"அத்தனையையும் அழிச்சது யார் கை, அண்ணே?"