சிப்பைக் கேட்காத கெர்னல்

தரமணியில் ஒரு கம்பெனி. அங்கே கெர்னல், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பி இயக்கும் அடிப்படை நிரல், எழுதுகிறவர்களில் கடைசி நாற்காலி ஹபீபாவுக்கு. அடிக்கும் கணவன்மாரிடமிருந்து தப்பி வந்த பெண்களின் காப்பகங்களுக்குச் சர்வர் விற்கக் கிளம்பியிருந்தது கம்பெனி. பெண்கள் ஒளிந்திருக்கும் முகவரிகளை மெமரியிலிருந்து யாரும் உருவ முடியாது, சிப்பே பூட்டி வைக்கும் என்று விளம்பரம். ஆனால் கெர்னல் எழும்போது, பூட்டு உண்டா என்று சிப்பைக் கேட்கும். வாங்கிப்போட்ட மட்டமான சிப்போ, "அந்த வசதி இல்லை" என்றது.

இயக்குநர் பத்ரிநாத் மேசையைத் தட்டினார். "நாளைக்குக் காப்பகங்களோட அதிகாரி அம்மா சோதனைக்கு வர்றாங்க. திரையில 'பூட்டு உண்டு'ன்னு வரணும். வரலேன்னா நீ வீட்டுக்குப் போகலாம்."

"சிப் இல்லேங்குதே சார்?"

"சிப்பை யாரு கேக்கச் சொன்னா?"

"சரிங்க சார், கேக்கல."

மறுநாள் அதிகாரி அம்மா முன்னால் சர்வர் "பூட்டு உண்டு" என்றது. பத்ரிநாத் மீசையை நீவிக்கொண்டார். ஹபீபா அதே கெர்னலை, மூலையில் தூசி படிந்து கிடந்த கம்ப்யூட்டரில் போட்டாள். இப்படியொரு வசதியை யாரும் யோசிக்கும் முன்பே செய்த இயந்திரம். அதுவும் "பூட்டு உண்டு" என்றது.

"இது எப்படிம்மா?"

"சிப்பைக் கேக்கக் கூடாதுன்னு சார் உத்தரவு மேடம். எதுல போட்டாலும் இதையேதான் சொல்லும்."

பத்ரிநாத் முகத்தில் ஈயாடவில்லை. "இன்னும் ஒண்ணுகூட விக்கல மேடம், திருத்திடலாம்" என்று குழைந்தார்.

"போன மாசமே ஒண்ணு பூட்டு இல்லாமலே ஒரு காப்பகத்துக்குப் போயிருக்கு சார்," என்றாள் ஹபீபா. "அதுலேருந்து உருவின முகவரிக்கு ஒருத்தன் தேடி வந்தான். அவன் பொண்டாட்டியை நேத்துதான் அடக்கம் பண்ணினாங்க."