டிரம் ஒரு ஜாண் எழும்பியபோது

ஞானம் தேடிக் கிளம்புகிறவர்கள் வழக்கமாக மலை ஏறுவார்கள். நல்லசிவம் ஏறியது ஓர் இரும்பு ஏணி. பாய்லர் பட்டறையின் மூன்றாம் ஷெட்டில், கிரேன் கேபினுக்குப் போகும் ஏணி அது. முப்பத்தாறு படி. ஐம்பத்திரண்டு வயதில், தொப்பையோடு, மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து ஏறினார். பாதியில் கீழே பார்த்துத் தொலைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மிச்சப் படிகளை ஏறினார்.

மேலே மங்கையர்க்கரசி தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயது முப்பத்து நான்கு. அந்தப் பட்டறையில் கிரேன் ஓட்டும் ஒரே பெண். அவர் ஓட்டுகிற ஷெட்டில் ஒன்பது வருஷமாக ஒருவருக்கும் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. பாதிப் பேர் அவரைக் கேலியாக ‘சாமி’ என்பார்கள். மீதிப் பேர் நிஜமாகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

“என்ன சார், நீங்க போய் ஏறி வந்துக்கிட்டு. சொல்லி அனுப்பியிருந்தா நானே இறங்கி வந்திருப்பேனே.”

“கத்துக்க வந்தவன்தாம்மா ஏறி வரணும்.”

மங்கையர்க்கரசி சோற்றுப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, உட்கார இடம் கொடுத்தார். நல்லசிவம் உட்கார்ந்தார். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“எனக்குப் பயமா இருக்கும்மா” என்றார்.

பயம் இருக்காதா பின்னே. இரண்டாம் ஷெட்டுக்கு அவர் பொறுப்பாளராக வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. ஐந்து வாரத்துக்கு முன்னால் அங்கே கிரேனில் தொங்கிய இரும்புத் தகடு ஒன்று பெல்ட் அறுந்து சுழன்று அடித்தது. தொழிலாளி வீராச்சாமி, சுமைக்குப் பக்கத்தில் யாரும் வராமலிருக்கத் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தார். ஆனாலும் அவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போயிற்று. அதைவிடப் பெரிய இடி விசாரணையில் விழுந்தது. பெல்ட் நூல் நூலாகப் பிரிந்திருந்ததை, தகட்டைத் தூக்குவதற்கு முன்பே மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். அன்றோடு நல்லசிவத்துக்குத் தூக்கம் போயிற்று.

“நாளைக்குக் காலையில எங்க ஷெட்ல அந்த பாய்லர் டிரம்மைத் தூக்கணும். இருபத்திரண்டு டன். எங்க ஆபரேட்டர் லீவு, உன்னைத்தான் ஓட்டச் சொல்லியிருக்காங்க. கீழ எட்டுப் பேர் நிப்பாங்க. நாளைக்கும் எவனாவது எதையாவது பார்ப்பான். பார்த்துட்டுச் சும்மா நிப்பான். இன்னொருத்தன் வீட்டுக்குப் போய் அவன் பொண்டாட்டி முகத்துல முழிக்க எனக்குத் தெம்பு இல்லம்மா.”

“நான் என்ன செய்யணும் சார்?”

“ஒரு தலைவனுக்கு என்ன குணம் இருந்தா ஆளுங்க வாயைத் திறப்பாங்க? அதை மட்டும் சொல்லு.”

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். விபத்துக்குப் பிறகு கம்பெனி அவரை ஒரு ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் ‘நல்ல தலைவனின் ஏழு குணங்கள்’ என்று திரையில் காட்டினார். நல்லசிவம் பள்ளிக்கூடப் பிள்ளைபோல அதை எழுதிக்கொண்டு வந்திருந்தார். தொலைநோக்கு, தெளிவான பேச்சு, துணிச்சல், காது கொடுத்துக் கேட்பது என்று ஏழையும் இப்போது வாசித்துக் காட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் மங்கையர்க்கரசி.

“எல்லாத்தையும் செஞ்சு பார்த்துட்டேன். காலையில அவங்களோட நின்னுதான் டீ குடிக்கிறேன். தோள்ல கை போட்டுப் பேசுறேன். எப்ப வேணா வரலாம்னு சொல்லி, என் ரூம் கதவைக் கழட்டியே வெச்சுட்டேன்.”

“யாராவது வந்தாங்களா?”

“கார்பென்டர் வந்தான். கதவு எங்கேன்னு கேட்டான்.”

மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லசிவத்துக்கு வரவில்லை.

“உங்க ஷெட்ல கடைசியாக் கையைத் தூக்கினது யாரு சார்?”

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. சுமை அந்தரத்தில் இருக்கும்போது யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கி ‘நிறுத்து’ என்று சொல்லலாம். குப்பை கூட்டுகிறவர் சொன்னாலும் கிரேன் நின்றாக வேண்டும். கேள்வியெல்லாம் அப்புறம்தான்.

நல்லசிவம் யோசித்தார். “நான் வந்த முதல் மாசம் கலியபெருமாள் தூக்கினான். கொக்கி சரியா மாட்டலைன்னு நினைச்சிட்டான். இறக்கிப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அரை மணி நேரம் வீணாச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“திட்டலைம்மா. நான் யாரையும் திட்ட மாட்டேன். விளையாட்டாத்தான் சொன்னேன். கலியபெருமாளுக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது, பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கச் சொல்லுங்கன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.”

“கலியபெருமாள்?”

“அவனும்தான் சிரிச்சான்.”

மங்கையர்க்கரசி கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“டிரம்மை இன்னைக்கே ஒரு ஜாண் தூக்கிப் பார்த்துடலாம் சார். மூணு மணிக்கு. ராயப்பன் சிக்னல் கொடுக்கட்டும். நீங்க டிரம்மைப் பார்க்கக் கூடாது. மஞ்சக் கோட்டுக்கு வெளிய, அதுக்கு முதுகைக் காட்டி, ஆளுங்களைப் பார்த்து நில்லுங்க.”

“முதுகைக் காட்டியா?”

“ஏதாவது கோளாறுன்னா அவங்க சொல்லுவாங்க. நீங்க விலகிக்கலாம்.”

வீராச்சாமியும் மஞ்சள் கோட்டுக்கு வெளியேதானே நின்றார் என்று நல்லசிவம் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. சொன்னால் தன் ஆட்களைத் தானே நம்பவில்லை என்று ஆகிவிடும்.

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையேம்மா.”

“மூணு மணிக்கு வாங்க சார்.”

மூன்று மணிக்கு அவர் இரண்டாம் ஷெட்டுக்குப் போனபோது எட்டுப் பேரும் கூடியிருந்தார்கள். மங்கையர்க்கரசி பெல்ட்டையும் கொக்கிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லசிவம் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, டிரம்முக்கு முதுகைக் காட்டி நின்றார். மங்கையர்க்கரசி எட்டுப் பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேலே போனார்.

மோட்டார் உறுமியது. முதுகுக்குப் பின்னால் பெல்ட் இறுகும் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு டன் இரும்பு தரையை விட்டுக் கிளம்பும்போது ஒரு முனகல் வரும். நூறு தடவை கேட்ட சத்தம்தான். ஆனால் அதை முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டு கேட்பது வேறு, பிடரிக்குப் பின்னால் கேட்பது வேறு. திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பார்ப்பதற்கு அவருக்கு எட்டு முகங்கள்தான் இருந்தன.

அந்த முகங்களைப் பார்த்தார்.

ராயப்பனின் கை சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்தது, ஆனால் உதடு காய்ந்து கிடந்தது. அவருக்குப் பக்கத்தில் நின்ற சவரிமுத்து எச்சிலை விழுங்கினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது தெளிவாகத் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர் நல்லசிவத்தின் தலைக்கு மேலே எதையோ பார்த்தார், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கலியபெருமாளின் இரண்டு கைகளும் பாக்கெட்டுக்குள் இருந்தன. ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

பெல்ட் பிரிகிறது என்று நல்லசிவத்துக்குத் தோன்றியது. இல்லை, கொக்கி நழுவுகிறது. என்னவோ நடக்கிறது. எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“என்னய்யா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல சார்” என்றார் ராயப்பன்.

“ஒண்ணுமில்ல சார்” என்றார் சவரிமுத்து.

வீராச்சாமிக்குக் கால் போன அன்று, அதற்குச் சரியாக ஒரு நிமிஷத்துக்கு முன்னால், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இவர் கேட்டபோதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். இதே குரல்தான்.

பின்னால் இரும்பு ஒருமுறை கிறீச்சிட்டது.

அவ்வளவுதான். நல்லசிவத்துக்கு உயிர் கையில் இல்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். “நிறுத்து, நிறுத்து” என்று கத்திக்கொண்டே பக்கவாட்டில் ஓடினார். ஒரு மரக்கட்டை தடுக்கிக் குப்புற விழுந்தார். விழுந்த இடத்திலேயே தலையைக் கைகளால் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தார். வெட்கமா, மானமா, அதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்.

கிரேன் அந்த நொடியே நின்றிருந்தது. ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தார். ராயப்பன் அவரைத் தூக்கிவிட ஓரடி எடுத்து வைத்தவர், தூக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நல்லசிவம் தானாக எழுந்தார். உள்ளங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. இப்போதுதான் அவர் டிரம்மைப் பார்த்தார்.

தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் அது அசையாமல் நின்றது. பெல்ட்டில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. கொக்கிகளின் வாயை அடைக்கும் நாக்குகள் எல்லாம் மூடியிருந்தன. அவர் சுற்றி வந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், மறுபடியும் சுற்றி வந்தார். குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை.

டிரம் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. மங்கையர்க்கரசி ஏணியில் இறங்கி வந்தார். எட்டுப் பேரும் இன்னும் அதே இடத்தில்தான் நின்றார்கள். நல்லசிவம் மங்கையர்க்கரசியைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய் ஒரு தூண் ஓரம் நிறுத்தினார்.

“எதைப் பார்த்து நிறுத்தச் சொன்னீங்க சார்?”

“அவங்க முகத்தைப் பார்த்தேன். சாகப் போறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாங்க. ஒருத்தன் முகத்துலயும் உயிர் இல்லை. என்னமோ ஆகப்போகுதுன்னு நினைச்சேன்.”

“டிரம் தொட்டில்ல தூங்குற குழந்தை மாதிரி நல்லாத்தான் நின்னுச்சு.”

“அதான் எனக்கும் புரியலை. ஒரு கோளாறும் இல்லையேம்மா. அப்புறம் எதைப் பார்த்து அவங்க அப்படிப் பயந்தாங்க?”

மங்கையர்க்கரசி கையுறைகளைக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகினார். அவர் முகத்தில் கேலி இல்லை, கொஞ்சம் வருத்தம்தான் இருந்தது.

“நீங்க வந்து எதிர்ல நின்னதுமே அவங்க முகம் அப்படி ஆயிடுச்சு சார். நான் அப்ப கிரேன்ல ஏறக்கூட இல்லை.”