தொண்ணூறு நாள் பனிக்கு ஒரு பட்டியல்

அவன் அவளை மாஸ்டர் என்று அழைத்தான். அவள் அவனை சார் என்று அழைத்தாள். அவனுக்கு இருபத்தேழு வயது, அவளுக்கு இருபத்து நான்கு.

கோயம்புத்தூரில் ஒரு மாலின் நான்காவது மாடியில் பனிக்கூடம் ஒன்று இருந்தது. உள்ளே எந்நேரமும் மைனஸ் ஐந்து டிகிரி. மெஷின் தூவிய பனி. ஓரமாக ஒரு சின்னச் சரிவு, அதன் பக்கச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. பத்து மணிக்கு மேல் குடும்பங்கள் வாடகைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து போட்டோ எடுத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் ஜெசிந்தா ஸ்னோபோர்டு சொல்லிக்கொடுப்பாள். குன்னூர்க்காரி. ஜார்ஜியா நாட்டில் மூன்று குளிர்காலம், ஒரு மலை விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கற்றவள்.

ஒரே பலகையில் இரண்டு கால்களையும் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் வித்தை அது. வந்தவர்கள் பலரும் மூன்று வாரத்தில் நின்றுவிட்டார்கள். பதினோரு வாரமாக வருகிறவன் பூவரசன் மட்டும்தான். அப்பா சோமனூரில் தறி ஓட்டுகிறார். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன். பம்பு கம்பெனி ஒன்றில் காஸ்டிங் பிரிவில் வேலை. ஒரு மோட்டாருக்கு எத்தனை போல்ட், எவ்வளவு செம்புக் கம்பி, மொத்தம் என்ன செலவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். விழும்போது உள்ளங்கையை ஊன்றக் கூடாது. விரல்களை மடக்கிக்கொண்டு, முன்கையும் விலாவுமாகத் தரையில் சேர வேண்டும். ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும்.

அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். ஆனால் விழுந்தபோதெல்லாம் ஊன்றினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஒரு காகிதத்தோடு வந்தான்.

"மாஸ்டர், ஒரு கேள்வி."

"பூட்ஸ் மாட்டிக்கிட்டே கேளுங்க சார்."

"ஜார்ஜியாவுக்குப் போலாமா, வேண்டாமா? டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். தொண்ணூறு நாள்."

"லீவு?"

"சம்பளமில்லாத லீவு குடுத்துட்டாங்க. ஒரு தடவைதான், அடுத்த வருசம் கேக்காதேன்னு மேனேஜர் சொல்லிட்டார். ட்ராவல்ஸ் அண்ணன் டிக்கெட் ரேட்டை இன்னைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும்தான் பிடிச்சு வைப்பேங்கறார். அதுக்கு மேல ஏறிடும். ஏறினா என்னால முடியாது."

அவள் கையை நீட்டினாள். அவன் காகிதத்தைக் கொடுத்தான்.

பட்டியல் கையால் எழுதியது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்தக் கணக்குப் போடக் கூடாது என்பது அவனுடைய கொள்கை. இருபத்திரண்டு வரிகள். மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் அறை. மலைமேல் ஏற்றிவிடும் ரோப்காருக்கு சீசன் பாஸ். பழைய பலகை ஒன்று. அதைத் திரும்பும்போது விற்றால் என்ன கிடைக்கும் என்பது பக்கத்தில் பென்சிலில். ஊரிலிருந்து கொண்டுபோக இரண்டு கிலோ துவரம்பருப்பு. கையுறை ஒன்று தொலைந்தால் இன்னொரு ஜோடி. உதட்டுக்கு வாசலின், நாற்பது ரூபாய்.

கடைசியில் மொத்தம் நான்கு லட்சத்துப் பத்தாயிரத்து அறுநூறு. அதன் கீழே அவனுடைய சேமிப்பு. மீதி ஆயிரத்து நானூறு என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தான்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள். "வாசலின் ஒண்ணு பத்தாது. மூணு."

அவன் பேனாவை எடுத்துத் திருத்தினான். மீதியில் எண்பது ரூபாய் குறைந்தது.

"இன்சூரன்ஸ்?"

"டிக்கெட்டோட சாதா இன்சூரன்ஸ் வருது மாஸ்டர்."

"அது பெட்டி தொலைஞ்சா. பனியில விழுந்தா?"

"அது தனி. இருபத்தோராயிரத்து ஐநூறு. முதல்ல போட்டிருந்தேன். அப்பறம் எடுத்துட்டேன்."

"ஏன்?"

"விழாமப் பாத்துக்குவேன் மாஸ்டர்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அதனால் அவனே விளக்கினான்.

"முதல் மாசம் நாலு தடவை விழுந்தேன். அடுத்த மாசம் ஒண்ணு. கடைசி மூணு வாரமா ஒண்ணுகூட இல்ல."

"கடைசி மூணு வாரமும் செவுத்துக் கயித்தைப் பிடிச்சிருந்தீங்க."

"ஆமா."

"மலையில கயிறு கட்டியிருக்க மாட்டாங்க சார்."

அவன் காகிதத்தைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவள் விரல் பதினேழாவது வரியில் நின்றது. 'வீட்டுக்கு' என்று எழுதி, இருபத்து நான்காயிரம் போட்டிருந்தது.

"இது?"

"மாசம் எட்டாயிரம் வீட்டுக்கு அனுப்புவேன். மூணு மாசத்துக்கு."

"சம்பளம் வராத மாசத்துலயும்?"

அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை இழுத்தான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"கம்பெனி ட்ரெயினிங்குக்கு அனுப்புதுன்னு வீட்ல சொல்லியிருக்கேன் மாஸ்டர். ட்ரெயினிங்னா சம்பளம் வரணும்ல."

"இந்த வரியை எடுத்தா இன்சூரன்ஸ் வந்துடும்."

"வந்துடும். மேல ரெண்டாயிரத்து ஐநூறு மிஞ்சும். ஆனா எடுத்தா அப்பாவுக்குத் தெரிஞ்சுடும்."

அதையும் கணக்குப் பார்த்து வைத்திருந்தான்.

"அதான் கேக்கறேன் மாஸ்டர். போலாமா, வேண்டாமா?"

அவள் காகிதத்தை அவனிடமே கொடுத்தாள்.

"இதை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கங்க. மேல இருந்து கீழ வரைக்கும் நனையாமக் கொண்டுவாங்க. கயித்தைத் தொடக் கூடாது."

"மாஸ்டர், இது ஒரே காப்பி. ஜெராக்ஸ்கூட எடுக்கல."

"தெரியும்."

சரிவின் உச்சியில் அவன் வெகுநேரம் நின்றான். காகிதத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தான். மேடையில் வாழ்த்துமடல் படிக்கப்போகிறவன் மாதிரி இருந்தது. ஜெசிந்தா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலகை நகர்ந்தது. முக்கால்வாசித் தூரம் நன்றாகவே வந்தான். கயிறு தன் பக்கத்தில் ஓடுவதைக் கடைக்கண்ணால் பார்த்தான். அந்த ஒரு பார்வையில் பலகையின் விளிம்பு பனியைக் கொத்தியது.

அவன் விழுந்தான். கைகள் காகிதத்தை விடவில்லை. முழங்கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன, விரல்கள் மடங்கி இறுகின. முன்கையும் விலாவும் பனியில் சேர்ந்து இறங்க, கொஞ்சம் சறுக்கி, அவள் காலடியில் வந்து நின்றான்.

"அடி பட்டுச்சா?"

"காகிதம் நனையல மாஸ்டர்."

"அடி பட்டுச்சான்னு கேட்டேன்."

அவன் உடம்பை ஒவ்வோர் இடமாக யோசித்துப் பார்த்தான். "இல்ல."

"கையைப் பாருங்க."

அவன் பார்த்தான். கசங்கிய காகிதத்தைச் சுற்றி இரண்டு கைகளும் மூடியிருந்தன. பதினோரு வாரத்தில் முதல் முறை.

ஜெசிந்தா அவன் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தாள். இடது கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டின் உட்புறம் ஒரு நீளத் தழும்பு இருந்தது. கையை மல்லாத்தச் சொன்னால் அது பாதிதான் திரும்பும் போலிருந்தது.

"முதல் வருசம். பன்னெண்டாவது நாள்," என்றாள். "ஊன்னிட்டேன்."

"இன்சூரன்ஸ்?"

"இருந்துச்சு. ஆபரேஷன், பிளேட்டு, மருந்து எல்லாம் அவங்களே பாத்துக்கிட்டாங்க. எனக்கு ஒரு ரூபா செலவில்ல."

"அப்ப நல்லதாப் போச்சு மாஸ்டர்."

"அம்மாகிட்ட நர்சிங் படிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தேன். வீடியோ கால் வந்தா எடுக்க முடியாது. கட்டு தெரியும். கேமரா ரிப்பேர்மான்னு ரெண்டு மாசம் ஓட்டினேன்."

அவள் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். ஒரு கையால் மாட்ட நேரமானது.

"அம்மா, தான் வேலை பாக்கற எஸ்டேட்ல சீட்டு எடுத்து, எனக்குப் புது ஃபோன் வாங்கி, ஆள் மூலமா அனுப்பிச்சுட்டாங்க."

கூடத்தின் மெஷின் ஒருமுறை உறுமி நின்றது. பனி கொஞ்சம் தூவியது.

பூவரசன் கால்களைப் பலகையிலிருந்து விடுவித்தான்.

"மாஸ்டர், அஞ்சு நிமிசம். ஃபோன் லாக்கர்ல இருக்கு."

"பூட்ஸோடயே போங்க."

பிளாஸ்டிக் திரையை விலக்கி வெளியே வந்ததும் அவன் மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்ந்தது. ஒன்றும் தெரியவில்லை. பெயரைத் தேடாமல், எண்ணை மனப்பாடமாக அடித்தான். பத்து மணி டிக்கெட்டுக்கு ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

ஃபோனில் முதலில் வந்தது தறிச் சத்தம்.

"என்ன கண்ணு, காலைலயே?"

"அப்பா, கொஞ்சம் தறி குடோனுக்கு வெளிய வாங்கப்பா."

"நூல் அறுந்து கெடக்குது. சொல்லு, கேக்குது."

"கம்பெனி என்னை அனுப்பலீங்கப்பா. நானா லீவு போட்டுட்டுப் போறேன். ட்ரெயினிங் இல்ல. பனியில சறுக்கற வெளையாட்டு. மூணு மாசம் சம்பளம் வராது. என் சேமிப்பு எல்லாத்தையும் எடுத்துத்தான் போறேன்."

தறிச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. அப்பா வெளியே வந்துவிட்டார்.

"வெளையாட்டா?"

"ஆமாங்கப்பா."

"விழுந்தா அடி படுமா?"

"படுமுங்கப்பா. இப்பக்கூட விழுந்துட்டுத்தான் பேசறேன்."

"அப்பறம் என்னத்துக்குப் போற?"

இருபத்திரண்டு வரிகளில் இதற்குப் பதில் இல்லை. அவன் தேடிப் பார்த்தான்.

"எனக்குப் புடிச்சிருக்குதுங்கப்பா," என்றான்.

"இங்க ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லு."

"எனக்குப் புடிச்சிருக்குதுங்கப்பா!"

வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை சிரித்தது.

 

"கம்பெனி நம்ம பையனை வெளிநாட்டுக்கு அனுப்புதுன்னு இங்க நாலு பேருகிட்ட சொல்லிட்டனே," என்றார் அப்பா. "முதலாளிகிட்டகூடச் சொன்னேன். டீ வாங்கிக் குடுத்தாரு."

 விலா இப்போதுதான் வலிக்கத் தொடங்கியது.

"தப்புத்தானுங்கப்பா."

"தப்புத்தான்." மறுபடி தறிச் சத்தம் மட்டும். "செரி. அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

"மாசக் காசு மூணு மாசத்துக்கு..."

"நீ காலேஜ் படிச்ச நாலு வருசம் நாங்க பட்டினியாவா கெடந்தோம்? அதைப் பேசாத. திரும்பி வர்றதுக்கு டிக்கெட் போட்டுட்டயா?"

"இனிமேத்தானுங்கப்பா."

"மொதல்ல அதைப் போடு. அம்மாகிட்ட நீயே சொல்லிக்க. அதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத."

வைத்துவிட்டார். பூவரசன் கண்ணாடியைத் துடைத்தான். கண்ணாடியில் ஆவி போயிருந்தது. ஆனாலும் இன்னொரு முறை துடைத்துக்கொண்டான். பிறகு பெஞ்சில் காகிதத்தை நீவி, பதினேழாவது வரியை அடித்துவிட்டு, அடியில் ஒரு வரி சேர்த்தான். ட்ராவல்ஸ்காரரை அழைத்தான்.

"போடுங்கண்ணா. போக வர ரெண்டும். கூட இன்சூரன்ஸ் ஒண்ணு, பனிச்சறுக்கு சேர்ந்தது."

"சாதா இன்சூரன்ஸ் இதுலயே வருதே தம்பி. எதுக்குக் காசை வீணாக்கற?"

"அது விழாதவங்களுக்குண்ணா."

உள்ளே ஜெசிந்தா சரிவின் பனியை மட்டப்படுத்திக்கொண்டிருந்தாள். அவன் விழுந்த தடம் மறைந்துவிட்டது. அவன் காகிதத்தை நீட்டினான். அவள் கடைசி வரியை மட்டும் பார்த்தாள்.

"பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன் மாஸ்டர். டிக்கெட்டும் சொல்லிட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "அங்க அவ்வளவு பெரிய மலையில, இதைப் பிடிச்சுக்கிட்டு எப்படி மாஸ்டர் சறுக்கறது?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. காகிதத்தை நான்காக மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

"மேல போங்க சார். இப்ப வெறுங்கையோட விழுங்க."